சத்தம் வராத டேக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் எழுத முடியாது. என் அண்ணியைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவளைப் பார்த்ததே இல்லை. மீதிப் பேர் பார்த்தும் ஒன்றும் தெரியாதவர்கள். அவளோடு ஒரே வீட்டில், ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்று, ஒரே பற்பசையைப் பிதுக்கி வாழ்ந்தவள் நான். அவளைக் கட்டியவன் என் கூடப்பிறந்த அண்ணன். யாரையாவது கேட்க வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும்.

அண்ணியின் தொழில் டப்பிங். வேற்று மொழிப் படத்தில் ஒரு பெண் வாயசைத்தால், அதற்கு நம் மொழியில் குரல் கொடுப்பது. உடனே சினிமாக்காரி, கார், கண்ணாடி என்று கற்பனை பண்ண வேண்டாம். ஜன்னல் இல்லாத ஒரு அறை. மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்பதால் அதையும் நிறுத்திவிடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் நின்றுகொண்டு, எதிரே திரையில் ஓடும் உதட்டைப் பார்த்து, அது திறக்கும்போது திறந்து மூடும்போது மூட வேண்டும். வளையல் போடக் கூடாது, சரசரக்கும் துணி உடுத்தக் கூடாது, வயிறு சத்தம் போடக் கூடாது. "பசிச்சா வயிறு கத்தும், சாப்பிட்டா ஏப்பம் வரும், என்னதான்டி பண்றது?" என்று என்னிடம் கேட்பாள். அண்ணி என்றாலும் எங்களுக்குள் ஒரு வயதுதான் வித்தியாசம். வா, போ தான்.

ஆரம்பத்தில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கும்பல் குரல். சந்தைக் காட்சியில் "தள்ளு தள்ளு", ஆஸ்பத்திரிக் காட்சியில் "ஐயோ டாக்டர்", தீப்பிடித்த கட்டடத்தில் வெறும் "ஆ". அப்புறம் ஒரு கார்ட்டூன் அணில். அந்த அணில் பல வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது. மாடிப்படியில் குழந்தைகள் மறித்து நின்று அணில் மாதிரி பேசச் சொல்லும். கையில் காய்கறிப் பை, இடுப்பில் வலி, ஆனாலும் பேசிவிட்டுத்தான் மேலே வருவாள்.

வீட்டில் ஒத்திகை பார்ப்பது சமையலறையில். அங்கேதான் சுவரெல்லாம் ஓடு, குரல் எங்கே உடைகிறது என்று காதுக்குத் தெரியும் என்பாள். நாங்கள் அந்தக் குடியிருப்புக்கு வந்த புதிதில், ஒரு பேய்ப் படத்துக்காக அவள் முதல் முறை அலறியபோது எதிர் வீட்டு டீச்சர் துடைப்பத்தோடு ஓடி வந்தார். கீழ் வீட்டுக்காரர் வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணி டீ போட்டுக் கொடுத்தாள். அதோடு சரி, பிறகு எத்தனை அலறினாலும் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்கள். மறுநாள் படியில் பார்த்தால் டீச்சர் கேட்பார்:

"என்னம்மா, நேத்து யாரு செத்தா?"

"யாரும் சாகல டீச்சர். மாமியார்க்காரி படியில உருண்டுட்டா."

"நல்லா வேணும் அவளுக்கு."

குடியிருப்பில் அவளுக்கு 'டப்பிங்' என்றே பெயர். எங்கள் வீடு டப்பிங் வீடு. நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், எனக்குத் தனியாக ஒரு அடையாளம் உண்டு என்று யாரும் நினைத்ததில்லை. டப்பிங் நாத்தனார், அவ்வளவுதான்.

என் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. கசங்காத சட்டை, கலையாத தலை. நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், "ஏய், அந்த அணிலைக் கொஞ்சம் பேசிக் காட்டு" என்பான். பேசிக் காட்டினால் அவன் முகத்தில் பெருமை தாங்காது, அந்த அணிலை அவனே பெற்றெடுத்த மாதிரி. குடிக்க மாட்டான், வெளியே சுற்ற மாட்டான். ஆகவே சொந்தக்காரர்கள் மத்தியில் அவனுக்குத் தங்கமான பையன் என்று பெயர். இந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

போன வருஷம் அண்ணிக்கு ஒரு பெரிய படம் வந்தது. கதாநாயகிக்கே குரல். கல்யாணமான ஒரு பெண், நீச்சல் கற்றுக்கொடுக்கிற ஒருவனோடு பழகுகிறாள். பழக்கம் படுக்கை வரை போகிறது. போதும் என்று இவள் ஒதுங்கப் பார்க்கும்போது அவன் விட மாட்டேன் என்கிறான். வீட்டு வாசலில் நிற்கிறான், புருஷனோடு சிநேகம் பிடிக்கிறான், கடைசியில் குளியலறையில் வைத்து அவள் கழுத்தை நெரிக்கிறான். கதையைக் கேட்டுவிட்டு அண்ணி என்னிடம் சொன்னாள்:

"முதல் பாதி பூரா முனகல், ரெண்டாம் பாதி பூரா அலறல். நடுவுல நாலு வார்த்தை பேச விடுவாங்கன்னு நெனக்கிறேன்."

ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம். படம் முழுக்க ஒரே குரல், அதுவும் தன் குரல் என்பது அவளுக்கு அதுவரை வாய்க்காதது. இது நன்றாக வந்தால் இனி கும்பலில் நின்று "தள்ளு தள்ளு" சொல்ல வேண்டியதில்லை.

படுக்கையறைக் காட்சிகளை அவள் எப்படிப் பேசினாள் என்று எனக்குத் தெரியும், ஒரு விடுமுறை நாளில் நானும் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். முத்தச் சத்தத்துக்குத் தன் முழங்கையின் உட்பக்கத்தைத் தானே முத்தமிட்டாள். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் ஸ்டூலை இரண்டு கையாலும் தூக்கித் தூக்கி வைத்தாள். முனகலுக்கு, மாதவிலக்கு வயிற்றுவலியை நினைத்துக்கொள்வாளாம். இதைக் கேட்டு, அறையைப் பிரிக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். அறையில் அவளும் மைக்கும் ஸ்டூலும் மட்டும்தான். காதலனுக்குக் குரல் கொடுத்தவரை அந்தப் படத்துக்காக அவள் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. அவர் வேறொரு நாள் வந்து தன் பங்கைத் தனியாக மூச்சு வாங்கிவிட்டுப் போய்விட்டார். இப்போதெல்லாம் அப்படித்தான் எடுக்கிறார்கள். திரையில் கட்டிப் புரள்கிற இரண்டு குரல்களும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழித்திருக்காது.

கடைசிச் சுருள், அதாவது அந்தக் கழுத்தை நெரிக்கும் பகுதி, மட்டும் பாக்கி இருந்தபோது டிரெய்லரை வெளியிட்டுவிட்டார்கள். டிரெய்லரில் எதைப் போடுவார்கள்? அதைத்தான் போட்டார்கள்.

அண்ணனின் ஆபீஸ் கேன்டீனில் எவனோ ஒருவன் அதைப் போனில் ஓடவிட்டு, "டேய், இது உன் வீட்டு அணில் இல்ல?" என்று கேட்டிருக்கிறான். எத்தனை நண்பர்களுக்கு முன்னால் அவளைப் பேசிக் காட்டச் சொன்னான், குரல் தெரியாமல் இருக்குமா? மேசையே சிரித்திருக்கிறது. அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. போனை மேசைமேல் வைத்து அந்த முனகலை மறுபடி மறுபடி ஓடவிட்டான். நான் என் அறையில் இருந்தேன், கதவு திறந்துதான் இருந்தது.

"இது எங்க கத்துக்கிட்டே?"

"என்னங்க இது? நடிப்புங்க."

"நடிப்பா? எங்கிட்ட ஒரு நாளாவது இந்தச் சத்தம் வந்திருக்கா?"

அண்ணி போனை நிறுத்தக் கை நீட்டினாள். அவன் விடவில்லை.

"அப்போ எங்கிட்ட நடிக்கணும்னுகூட உனக்குத் தோணல. அப்படித்தானே?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்தச் சத்தம் வருவதற்கு நீ என்ன கிழித்தாய் என்று கேட்டிருப்பேன். கட்டிய நாளிலிருந்து அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒரு தடவை கேட்டவனில்லை. வயிற்றுவலியில் அவள் கொடுத்த சத்தத்துக்குப் பொறாமைப்படுகிறான். அண்ணி அதெல்லாம் சொல்லவில்லை. "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டான்.

அடுத்து அவன் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும், வயிறும் எரியும். காதலனுக்குக் குரல் கொடுத்தவனை உதைப்பதற்காக லீவு போட்டுவிட்டு ஸ்டுடியோ வாசலில் போய் நின்றான். அந்த மனிதர் வந்தார். கார்ட்டூனில் கரடிக்குப் பேசுகிறவர். பேரன் பேத்தி எடுத்தவர், பல்செட், முழங்கால் வலிக்கு உறை, கையில் சர்க்கரை மாத்திரை டப்பா. என் அண்ணன் சட்டையைப் பிடித்ததும் பயத்தில் அவருடைய பல்செட் கழன்று கையில் வந்துவிட்டது. அதைக் கையில் பிடித்தபடியே, "தம்பி, யாரு தம்பி நீங்க?" என்று கேட்டாராம், அதுவும் அந்த டிரெய்லரில் வருகிற அதே கிறக்கமான குரலில். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

இதோடு இவனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிழவர் இல்லையென்றால் வேறு எவன் என்று தேட ஆரம்பித்தான். ஒலிப்பதிவாளர், டைரக்டர், வசனம் எழுதியவர், ஆட்டோக்காரர், ஒருவரையும் விடவில்லை. அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டான். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றான். நான் சண்டை போட்டேன். "உனக்குக் கல்யாணம் ஆகல, உனக்கு இதெல்லாம் புரியாது" என்றான். அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா எங்கள் தாய்மாமா வீட்டோடு இருக்கிறார். "ஆம்பளைக்கு ரோஷம் இருக்கத்தான் செய்யும். அவளைக் கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லு" என்றார். அனுசரித்து அனுசரித்துத்தான் இந்த வீட்டில் ஒருவன் இப்படி வளர்ந்து நிற்கிறான் என்று சொல்ல நினைத்தேன். போன் கட்டாகிவிட்டது.

அண்ணி மட்டும் கடைசிச் சுருளை முடித்துவிட வேண்டும் என்றே இருந்தாள். முடிக்காவிட்டால் முழுப் படத்துக்கும் வேறு ஒருத்தியைக் கூப்பிட்டு முதலிலிருந்து பேச வைத்துவிடுவார்கள், இவள் குரல் ஒரு காட்சியில்கூட இருக்காது. அதனால் அத்தனை அமளிக்கு நடுவிலும் சமையலறையில் நின்று கழுத்து நெரிபடும் காட்சியை ஒத்திகை பார்த்தாள். தன் கையாலேயே தொண்டையை லேசாக அழுத்திக்கொண்டு அலறிப் பார்ப்பாள். எதிர் வீட்டில் டிவி சத்தம் கூடும்.

அன்று எனக்குக் கடையில் தலைவலி. சீக்கிரமே கிளம்பிவிட்டேன். வெயில் இன்னும் இருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு படியேறினேன். டீச்சர் வாசலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க அண்ணி இன்னிக்குப் பிரமாதம். 'கொல்றாரே, யாராவது வாங்களேன்'னு... எனக்கே கண்ணுல தண்ணி வந்திடுச்சும்மா. இப்பதான் நிறுத்தினாங்க."

நான் கதவைத் திறந்தேன். சமையலறையில் அண்ணியைச் சுவரோடு சாய்த்துவைத்து என் அண்ணன் அவள் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவள் குதிகால் தரையில் படவில்லை. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. தொண்டைக்குள் ஏதோ சின்னதாக 'டக் டக்' என்றது, அவ்வளவுதான். அவள் கண் என்னைப் பார்த்தது. நான் யோசிக்கவில்லை. கையில் இருந்த ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் தூக்கி அவன் பின்மண்டையில் என் பலத்தையெல்லாம் சேர்த்துப் போட்டேன். தலையைக் காப்பாற்றத்தான் அதை விற்கிறார்கள். அன்று அது வேறு தலையைக் காப்பாற்றியது.

அவன் சரிந்தான். அண்ணியும் சரிந்தாள். நான் வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தியபோதுதான் டீச்சர் எழுந்து வந்தார். உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஐயோ... நான் டப்பிங்னுல்ல நெனச்சேன்."

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியும், சொல்கிறேன். அலறல் பழகிப் போச்சு என்பது சரி. 'யாராவது வாங்களேன்' என்று ஒருத்தி கூப்பிட்டால், அது நூறு தடவை நடிப்பாக இருந்தாலும் ஒரு தடவை எழுந்து வந்து எட்டிப் பார்த்தால் கால் தேய்ந்து போய்விடாது.

ஆஸ்பத்திரியில் அண்ணியை வாயே திறக்கக் கூடாது என்றார்கள். குரல்வளை வீங்கியிருந்தது. அண்ணனுக்குத் தலையில் தையல். போலீஸ் ஸ்டேஷனில் அதைவிடக் கூத்து. புகாரை எழுதிக்கொண்டவர், எதனால் தகராறு என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்த டிரெய்லர் இருக்கா? போடுங்க, பார்ப்போம்" என்றார். பக்கத்து மேசையில் இருந்தவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஓடி முடிந்ததும், "சரியாக் கேக்கல, இன்னொரு தடவை போடுங்க" என்றார். கழுத்தில் கட்டோடு ஒருத்தி எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் என் போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். "காது கேக்கலன்னா நல்ல டாக்டரைப் பாருங்க சார். முதல்ல புகாரை எழுதுங்க" என்றேன். எழுதினார்.

இரண்டு நாளில் அம்மாவும் தாய்மாமாவும் வந்து இறங்கினார்கள். மாமா வழக்கு வாபஸ், வேலை வாபஸ் என்று ஒரு கணக்குச் சொன்னார். அண்ணி புகாரைத் திரும்பப் பெற வேண்டும், அண்ணன் அவளை மன்னித்துவிடுவான், அவள் டப்பிங்கை விட்டுவிட வேண்டும். யார் யாரை மன்னிப்பது என்று நான் கேட்டேன். மாமா என்னைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே?" என்றார். அவளுக்குப் பேச முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அவள் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மா படியிறங்கும்போது அழுதுகொண்டே போனார்.

ஸ்டுடியோவில் கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவாளர் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த அவகாசம் அது. பேச அனுமதித்த முதல் வாரத்திலேயே அண்ணி கிளம்பிவிட்டாள். குரலில் கரகரப்பு இருந்தது. நானும் கூடப் போனேன்.

திரையில் அந்தக் குளியலறை ஓடியது. கதாநாயகியின் கழுத்தில் அவன் கை. அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். அலறவில்லை. வாயைத் திறந்தாள். தொண்டைக்குள்ளிருந்து அந்தச் சின்ன 'டக் டக்'. பிறகு மூச்சு உள்ளே போகப் பார்த்து முடியாமல் நிற்கிற ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

டைரக்டர் திரையை நிறுத்தச் சொன்னார். பிறகு மைக்கை அழுத்தினார்.

"மேடம், இந்த டேக் வேண்டாம். கத்துங்க."

"கழுத்தை நெரிச்சா கத்த வராது சார்," என்றாள் அண்ணி உள்ளே இருந்து.

"தெரியும் மேடம். ஆனா இதைப் போட்டா தியேட்டர்ல ஒருத்தன் உக்கார மாட்டான். ஜனங்க காசு குடுத்து வர்றது பயந்து ரசிக்கிறதுக்கு. அதுக்குக் கத்தணும். நல்லா, நீளமா."

நான் எழுந்துவிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லத்தான் எழுந்தேன். அண்ணி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையமர்த்தினாள். பிறகு கத்தினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டிருந்தால் அவளை அடித்திருப்பார்கள், அப்படிக் கத்தினாள். உதடு திறக்கிற இடத்தில் திறந்து, மூடுகிற இடத்தில் மூடி, ஒரு பிசிறில்லாமல் முடித்தாள். டைரக்டர் கைதட்டினார். "இதான் ரியல்!" என்றார். ஸ்கூட்டரில் திரும்பும்போது வழியெல்லாம் அண்ணி இருமிக்கொண்டே வந்தாள்.

படம் ஓடியது. நன்றாகவே ஓடியது. அந்த அலறலைத் தனியாக வெட்டி எடுத்துப் போனில் அனுப்பிக்கொண்டார்கள்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது, ஜாமீனில் மாமா வீட்டில் இருந்த அண்ணனின் வக்கீல் அதைத்தான் முதலில் ஓடவிட்டார். நீதிமன்ற அறை முழுக்க அண்ணியின் குரல். ஓடி முடிந்ததும் வக்கீல் மெதுவாகக் கேட்டார்: இது நிஜமா, நடிப்பா? நடிப்பு என்றாள் அண்ணி. அழுவதும் அலறுவதும்தானே உங்கள் தொழில்? ஆமாம். வீட்டிலேயே தன் கழுத்தைத் தானே அழுத்தி ஒத்திகை பார்ப்பீர்களா? ஆமாம். அப்போது கழுத்தில் தடம் விழாதா? அண்ணிக்குக் குரல் உடைந்தது, கண் கலங்கியது. வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பி, "பாருங்கள், எவ்வளவு திறமை" என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. டீச்சரையும் கூப்பிட்டார்கள். அன்று அலறல் கேட்டதா? கேட்டது. எப்போதும் கேட்பது போலவா? டீச்சர் புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினார். ஆமாம், எப்போதும் போலத்தான் இருந்தது என்றார். பொய் சொல்லவில்லை அவர், அதுதான் கொடுமை. அண்ணன் கசங்காத சட்டையில், கலையாத தலையோடு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு மட்டும் நீதிபதி அவனை நம்பியிருந்தால், மறுநாளே அவன் சாவியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றிருப்பான்.

என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டு ஏறும் முன் அம்மா என் கையைப் பிடித்தார். "கூடப்பிறந்தவன்டி. பார்த்துப் பேசு" என்றார். கையை விடுவித்துக்கொண்டேன்.

"கதவைத் திறந்தப்ப என்ன சத்தம் கேட்டுச்சு?" வக்கீல்.

"சத்தமே இல்ல."

"கொலை பண்ணப் பார்த்தார்னு சொல்றீங்க, சத்தமே இல்லைங்கிறீங்க?"

"கழுத்துல கை இருந்தா எங்கேர்ந்து சார் சத்தம் வரும்? நீங்க ஓடவிட்டீங்களே, அது சினிமா. அதுல கத்தச் சொன்னாங்க, கத்தினாங்க. முதல்ல சத்தம் இல்லாமதான் பேசினாங்க, அதை யாரும் உக்காந்து கேக்க மாட்டாங்கன்னு வேண்டாம்னுட்டாங்க. நான் எங்க வீட்டுச் சமையலறையில அதைப் பார்த்தேன். அவங்க கால் தரையில இல்ல. அந்தக் கை ரெண்டும் இவனோடது."

"உங்க அண்ணன்தான் உங்களைப் படிக்க வெச்சார், இல்லையா?"

"ஆமா."

"அப்படிப்பட்டவர் மண்டையை உடைச்சது நீங்கதானே?"

"ஆமா சார். படிக்க வெச்சவன்கிறதாலதான் ஒரு அடியோட விட்டேன்."

இந்த முறை பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி என்னைக் கண்டித்தார், சாட்சி அளவாகப் பேச வேண்டும் என்றார். ஆனால் பேனா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அண்ணியைப் பார்த்து, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அறையே அவள் பக்கம் திரும்பியது, டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த மாதிரி. அண்ணி எழுந்தாள். அழவில்லை.

"அவ சொன்னதுதான்," என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

வழக்கு முடியும் வரை அண்ணன் அந்த வீட்டுப் பக்கமோ ஸ்டுடியோ பக்கமோ தலைகாட்டக் கூடாது, வீட்டுச் சாவியை அங்கேயே ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவானது. அவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் போனான்.

வெளியே வராந்தாவில் அம்மா காத்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னை விட்டுவிட்டு என் பின்னால் வந்த அண்ணியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"கடைசியில அவ அவன்மேல ஒரு வார்த்தைகூடச் சொல்லலையேடி. என் பிள்ளையைப் பத்தி எல்லாத்தையும் நீதானே சொன்னே."

"ஆமாம்மா," என்றேன். "அவ எத்தனை தடவை சொல்லியும் யாரும் நம்பல. அதான் நான் சொன்னேன்."